விரல்ரேகைப் படிவின் வேதியியல் ஆய்வில் மாதிரி சேகரிப்பு: ஒரு வரலாற்று நோக்கு

நின்ஹைட்ரின் அமினோ அமிலங்களுடன் வினைபுரிந்து ஊதா நிறம் தருவதை 1910-இல் கேம்பிரிட்ஜில் சீக்ஃபிரீட் ரூஹெமான் கண்டறிந்தார். 1954-இல் ஸ்வீடன் ஆய்வாளர்களான ஓடேனும் ஃபான் ஹோஃப்ஸ்டனும் அதனை மறைரேகைகளைப் புலப்படுத்தப் பயன்படுத்தினர். ரேகையின் வடிவை வெளிக்கொணர்வதே அவர்களது நோக்கம். படிவின் வேதிக்கூறுகளை அளக்கும் ஆய்வுகள் வளர்ந்தபோது, மாதிரியை எவ்வாறு பெறுவது என்னும் வினா முதன்மை பெற்றது.

விரல்நுனித் தோலில் வியர்வைச் சுரப்பிகள் உண்டு. எண்ணெய்ச் சுரப்பிகள் இல்லை. முகத்தையும் தலைமுடியையும் தொடுவதாலேயே அங்கு எண்ணெய்ப்பசை சேர்கிறது. எனவே, அளவிடப் போதுமான கொழுப்புப் பெறுவதற்காக, பங்கேற்பாளர் நெற்றியைத் தேய்த்தபின் விரல் பதிக்கும் முறை ஆய்வகங்களில் பரவியது. இத்தகைய செறிவூட்டிய படிவு குற்ற நிகழ்விடத்தில் கிடைப்பதை ஒத்ததன்று. அதில் வெற்றி காணும் முறை களத்தில் தோற்கக்கூடும்.

மாதிரி தருபவரும் முடிவை மாற்றுகிறார். சிறுவர் படிவில் எளிதில் ஆவியாகும் கொழுப்பமிலங்கள் மிகுந்துள்ளதை 1990-களில் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வாளர்கள் காட்டினர். சிறுவர் ரேகைகள் விரைவில் மறைவதற்கு அது விளக்கமாயிற்று. பன்னாட்டு விரல்ரேகை ஆய்வுக் குழுவின் 2014-ஆம் ஆண்டு வழிகாட்டுதல்கள் இயல்பான படிவுகளுக்கு முதன்மை அளித்தன. மாதிரி பெற்ற முறை பதிவு செய்யப்படாதவிடத்து, இரு ஆய்வுகளின் அளவீடுகளை ஒப்பிடுதல் பொருளற்றது என்பதே இவ்வரலாறு உணர்த்துவது.