குமுறும் தண்ணீர்: ஒரு விமான நிலையத் தோட்டத்தின் அடியில் கிடக்கும் கதை

சிங்கப்பூருக்குப் போய் வந்த எங்கட ஆட்கள் எல்லாரும் கட்டாயம் ஒரு வசனம் சொல்லுவினம்: "எங்கட நாடும் இப்பிடி வந்திருக்க வேண்டியது." அதுக்குப் பிறகு ஒரு பெருமூச்சு. பிறகு அரசியல்வாதிகளுக்கு நாலு பேச்சு. சின்ன வயதிலிருந்து இதைக் கேட்டுக் கேட்டு எங்களுக்குக் காது புளித்துவிட்டது. ஆகவே, மாணவர் பட்டறை ஒன்றுக்காகக் கலைப்பீடத்திலிருந்து நாங்கள் நாலு பேர் அங்கே போன நேரம், இந்த வசனத்தை யாரும் சொல்லக் கூடாது என்று எங்களுக்குள் ஒரு ஒப்பந்தம் போட்டுக்கொண்டோம்.

ஐந்து நாளும் ஒப்பந்தம் நின்றது. கடைசி இரவு, திரும்பி வரும் விமானத்துக்கு முன்னம், சாங்கி விமான நிலையத்தின் ஜுவலுக்குள் கால் வைத்ததும் உடைந்துபோனது. சொன்னது யார் என்று இங்கே எழுத மாட்டோம். நாலு பேரும்தான் சொன்னோம்.

ஜுவலைக் காணாதவர்களுக்காக: அது முதலாவது முனையத்துக்கு முன்னால், முந்தி வாகனத் தரிப்பிடமாகக் கிடந்த நிலத்தில் எழும்பிய பெரிய கண்ணாடிக் கூடு. மரீனா பே சாண்ட்ஸை வரைந்த மோஷே சஃப்டிதான் இதையும் வரைந்தவர். நிலத்துக்கு மேலே ஐந்து மாடி, கீழே ஐந்து மாடி. செலவு 1.7 பில்லியன் சிங்கப்பூர் டொலர். 2019 ஏப்ரலில் சனத்துக்குத் திறந்தார்கள். நடுவில் கூரையின் துவாரத்தினூடாக 40 மீற்றர் உயரத்திலிருந்து தண்ணீர் கொட்டுகிறது. கட்டடங்களுக்குள் இருக்கும் நீர்வீழ்ச்சிகளில் உலகத்திலேயே உயரமானது இதுதான். சிங்கப்பூரின் மழைத் தண்ணீரைச் சேர்த்து அதையும் இதில் சுழல விடுகிறார்கள். முனையங்களை இணைக்கிற குட்டி ரயில் இந்த மண்டபத்தின் நடுவால் ஓட வேண்டியிருந்ததால், நீர்வீழ்ச்சியை மையத்திலிருந்து சற்றுத் தள்ளி வைத்திருக்கிறார்கள். சுற்றிவர 2,000க்கு மேற்பட்ட மரங்களும் 100,000க்கு மேற்பட்ட செடிகளும். கூடுதலானவை கடல் கடந்து வந்தவை.

ஐந்தாம் மாடியில் விளையாட்டுப் பூங்கா. ரிக்கற் எடுத்துத்தான் போக வேண்டும். செடி வேலிகளால் ஆன புதிர்ப்பாதை, கண்ணாடிப் புதிர்ப்பாதை, சறுக்கிகள், புகைபோலப் பனி எழும்புகிற பள்ளங்கள், மிருகங்களின் உருவத்தில் வெட்டிய செடிகள் எல்லாம் கிடக்கு. தரையிலிருந்து 23 மீற்றர் உயரத்தில் ஒரு பாலம், அதில் ஒரு பகுதி கண்ணாடித் தரை. எங்களில் ஒருத்தன் அதில் கால் வைக்க மாட்டேன் என்று நின்று, ஐந்து வயதுப் பிள்ளை ஒன்று அவனைத் தாண்டி ஓடின பிறகுதான் வெட்கத்தில் நடந்தான். பிறகு வலை. மரங்களுக்கு மேலாக அந்தரத்தில் கட்டிய நீண்ட வலையில் பிள்ளைகள் விழுந்து எழும்பிக் கத்திக்கொண்டிருந்தார்கள். நாங்களும் ஏறிக் குதித்தோம். உண்மையைச் சொன்னால், நல்ல சந்தோசம்.

அந்த வலையில் மல்லாந்து படுத்திருக்கும்போதுதான், முதல்நாள் பார்த்த ஒரு பழைய வரைபடம் ஞாபகத்துக்கு வந்தது. அதைச் சொல்லுவதற்கு முன்னம் கொஞ்சம் பின்னுக்குப் போக வேண்டும்.

விமான நிலையத்துக்குள் ஏன் ஒரு தோட்டம்?

சிங்கப்பூரில் மரம் நடுவது அரசியல். 1963 ஜூனில் லீ குவான் யூ ஃபாரர் சர்க்கஸில் ஒரு மெம்பாட் மரத்தை நட்டு மரநடுகை இயக்கத்தைத் தொடக்கினார். 1967இல் 'தோட்ட நகரம்' என்ற கொள்கை வந்தது. வெளிநாட்டு முதலீட்டாளர் ஒருவர் விமானத்தால் இறங்கி நகரத்துக்குள் போகும் வழியில் ஒழுங்காக வளர்ந்த மரங்களைக் கண்டால், இந்த நாட்டை நம்பிக் காசு போடலாம் என்று நினைப்பார். கணக்கு அவ்வளவுதான். அதனால் விமான நிலையத்திலிருந்து நகரத்துக்குப் போகும் நெடுஞ்சாலையின் இருபக்கமும் தூங்குமூஞ்சி மரங்கள் குடை விரித்து நிற்கின்றன.

விமான நிலையமும் அதே கணக்கின் இன்னொரு பக்கம். 1972இல் வெளிநாட்டமைச்சர் எஸ். ராஜரத்தினம் ஒரு உரையில், சிங்கப்பூர் ஒரு உலக நகரமாக வேண்டும், உலகம் முழுவதும்தான் அதன் பின்னிலம் என்று வாதிட்டார். இவர் வட்டுக்கோட்டையில் 1915இல் பிறந்து மலாயாவில் வளர்ந்தவர் என்பதை எங்கட ஆட்கள் பெருமையோடு சொல்லுவார்கள். அயலை நம்ப முடியாத ஒரு தீவுக்கு ஆகாயம்தான் வாசல். 1955இல் திறந்த பாய லேபர் விமான நிலையம் போதாமல் போக, அங்கேயே இரண்டாம் ஓடுபாதை போடுவதா, புதிதாக வேறிடத்தில் கட்டுவதா என்று விவாதம் நடந்தது. 1975இல் முடிவு சாங்கிக்குச் சாய்ந்தது. பாய லேபரில் போட்ட காசைக் கைவிட்டுவிட்டு, தீவின் கிழக்குக் கரையில் கடலை நிரப்பினார்கள். ஏறத்தாழ 870 ஹெக்டேயர் நிலம் கடலிலிருந்து எடுத்தது. 1981 ஜூலை 1இல் சாங்கி இயங்கத் தொடங்கியது. பிறகு முனையங்கள் கூடின, அவற்றுக்குள் தோட்டங்களும் கூடின. டுபாய் போன்ற போட்டியாளர்கள் வளர, 2013இல் ஜுவல் திட்டத்தை அறிவித்தார்கள்.

இது எல்லாரும் சொல்லுகிற வெற்றிக் கதை. பொய்யில்லை. ஆனால் கதை 1975இல் தொடங்கவில்லை.

அதற்கு முன்னம் அங்கே என்ன இருந்தது?

சாங்கியில் முந்தி ஒரு மரம் இருந்தது. 'சாங்கி மரம்' என்றே பெயர். உயரம் 76 மீற்றர் என்று சொல்லுவார்கள். ஜுவல் நீர்வீழ்ச்சியின் இரண்டு மடங்குக்குக் கிட்ட. கடலில் வாறவர்களுக்கு அடையாளமாக வரைபடங்களிலேயே குறித்திருந்தார்கள். 1942 பெப்ரவரியில் ஜப்பானியப் படை கிட்ட வந்தபோது, எதிரியின் பீரங்கி குறி பார்க்க அது உதவும் என்று பயந்து பிரித்தானியர் அதைத் தறித்தார்கள். மரம் போனது. சில நாளில் சிங்கப்பூரும் போனது.

பெப்ரவரி 15இல் சரணடைந்த பிறகு, பிரித்தானிய, அவுஸ்திரேலியப் படைவீரர்கள் 50,000 பேரளவில் சாங்கிப் படைமுகாம்களில் கைதிகளாக அடைக்கப்பட்டார்கள். 1936இல் கட்டிய சாங்கிச் சிறை ஏறத்தாழ 600 பேருக்கானது. அதற்குள் 3,000 பேரளவில் ஐரோப்பியப் பொதுமக்களை, பெண்களையும் பிள்ளைகளையும் சேர்த்து, தள்ளினார்கள். அதே நாட்களில் 'சூக் சிங்' என்ற பெயரில், ஜப்பானுக்கு எதிரானவர்கள் என்று சந்தேகப்பட்ட சீன ஆண்களை வடிகட்டிப் பிடித்து, கடற்கரைகளில் நிறுத்திச் சுட்டார்கள். அந்தக் கொலைக்களங்களில் ஒன்று தானா மேரா பெசார் கடற்கரை. அந்தக் கரை இப்போது சாங்கி விமான நிலையத்தின் ஓடுபாதை நிலத்துக்குள் போய்விட்டது.

முதல் ஓடுபாதை வந்ததும் அந்த யுத்தத்திலேதான். 1943இலிருந்து ஜப்பானியர் யுத்தக் கைதிகளைக் கொண்டு அங்கே விமானத்தளம் அமைத்தார்கள். மண்வெட்டியாலும் கூடையாலும் மேட்டை வெட்டிச் சதுப்பை நிரப்பின வேலை. சயாம் மரண ரயில் பாதைக்கு அனுப்பப்பட்டு உயிர் தப்பித் திரும்பியவர்களும் அதில் இருந்தார்கள். அந்த ரயில் பாதை எங்களுக்கும் தூரத்துக் கதை இல்லை. மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன தமிழ்த் தொழிலாளர்கள் பல்லாயிரக்கணக்கில் அங்கே செத்தார்கள். யுத்தம் முடிந்ததும் ஆட்கள் இடம் மாறினார்கள், வேலை மாறவில்லை: இப்போது ஜப்பானியக் கைதிகள் அதே ஓடுபாதையைத் திருத்தினார்கள். 1946இல் அது பிரித்தானிய விமானப்படையின் தளமானது. இன்றைக்குச் சாங்கியில் பயன்படும் ஓடுபாதைகளில் ஒன்று அந்தப் பழைய ஓடுபாதையை நீட்டியதுதான்.

இனி வரைபடம். பட்டறையில் பழைய வரைபடங்களை எப்படி வாசிப்பது என்று ஒரு பயிற்சி தந்தார்கள். கிழக்குக் கரையைப் பார்த்துக்கொண்டு போகேக்க, இன்றைக்கு விமான நிலையம் இருக்கிற பக்கத்தில் ஒரு பெயர்: கம்போங் ஆயர் கெமுரு. கம்போங் என்றால் மலாயில் கிராமம். மீன்பிடித்து வாழ்ந்த மலாய்க்காரரின் ஊர். விமான நிலையம் வரப்போகிறது என்று 1970களில் ஊர் எழும்பியது. சனம் அரசாங்க மாடிவீடுகளுக்குப் போனது. பெயர் வரைபடத்திலிருந்து போனது.

அந்தப் பெயருக்கு என்ன அர்த்தம் என்று தேடிப் பார்த்தோம். ஆயர் என்றால் தண்ணீர். கெமுரு என்றால் இடிபோல் முழங்குவது. தமிழில் சொன்னால், குமுறும் தண்ணீர்.

இப்ப விளங்குதா, அந்த வலையில் படுத்திருக்கும்போது ஏன் நாலு பேரும் திடீரென்று பேசாமல் போனோம் என்று? கண்ணாடிக் கூரையிலிருந்து தண்ணீர் குமுறிக்கொண்டு விழுகிறது. மீன்பிடிச் சனத்தின் வலை காய்ந்த கரைப்பக்கத்தில், பிள்ளைகள் வலையில் குதிக்கிறார்கள். இதை வரைந்தவர்களுக்கு அந்த ஊரின் பெயர் மனதில் இருந்திருக்கும் என்று நாங்கள் நினைக்கவில்லை. தற்செயல்தான். ஆனால் நாங்கள் நடந்து பார்த்த இடங்களில், செடிகளுக்கெல்லாம் பெயர்ப்பலகை இருந்தது, அந்த ஊருக்கு ஒன்றையும் காணவில்லை.

சிங்கப்பூர் எல்லாத்தையும் மறந்துவிட்டது என்று எழுதினால் அது அநியாயம். சாங்கி தேவாலயமும் அருங்காட்சியகமும் கைதிகளின் கதையைச் சொல்லுகின்றன. சாங்கிக் கடற்கரையில் 1942இல் சுடப்பட்டவர்களுக்கு நினைவுப்பலகை இருக்கு. யுத்தத்தின் சாவுகளுக்கு இடம் கொடுத்திருக்கிறார்கள். அபிவிருத்திக்காக எழும்பிப் போன ஊர்களுக்குத்தான் இடம் குறைவு. யுத்தத்தில் குற்றவாளி வெளியே இருந்து வந்தவன், அவனைப் பற்றிப் பேசுவது இலகு. ஊரை எழுப்பியது சொந்த அரசாங்கம். மாடிவீடும் கொடுத்தது, தண்ணியும் கறன்ரும் கொடுத்தது. அந்த மக்களில் கனபேர் முந்தியதை விட வசதியாக வாழ்ந்தும் இருப்பார்கள். அப்படியானால் எதை இழந்தார்கள் என்று கேட்பதே நன்றிகெட்டதனம் போலத் தோன்றும். தோட்டம் செய்கிற வேலையும் அதுதான். அவ்வளவு அழகான இடத்தில் நின்றுகொண்டு, கீழே என்ன கிடந்தது என்று கேட்க ஒருவருக்கும் மனம் வராது.

எங்களுக்கு ஏன் வந்தது என்றால், எங்களில் ஒருத்தியின் அம்மம்மா பிறந்தது மயிலிட்டியில். 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து வெளிக்கிட்ட சனத்தோடு வெளிக்கிட்டவர். பலாலி விமானத்தளமும் இரண்டாம் உலக யுத்தத்தில் பிரித்தானிய விமானப்படைக்காகப் போட்டதுதான். நாங்கள் போய் வந்த கட்டுநாயக்காவும் அப்படித்தான். சாங்கி, கட்டுநாயக்கா, பலாலி மூன்றும் ஒரே யுத்தத்தின் பிள்ளைகள். இன்னொரு விசயம்: யாழ்ப்பாணச் சர்வதேச விமான நிலையம் திறந்தது 2019 ஒக்ரோபர் 17. ஜுவலின் உத்தியோகபூர்வத் திறப்பு விழா அதற்கு அடுத்தநாள், ஒக்ரோபர் 18.

மயிலிட்டித் துறைமுகப் பக்கம் 27 வருசத்துக்குப் பிறகு 2017இல்தான் விடுபட்டது. அந்த அம்மம்மா போய்ப் பார்த்துவிட்டு வந்து ஒரே ஒரு விசயம்தான் சொன்னவவாம்: "கிணறு இருக்கு, ஆனா ஆற்ற கிணறு எண்டு சொல்ல ஆளில்லை."

சிங்கப்பூர் மாதிரி வர வேண்டும் என்று நாங்கள் இனியும் சொல்லுவோம்தான். நல்ல விமான நிலையம் வேண்டும், அதுக்குள் மரமும் வேண்டும், பிள்ளைகள் குதிக்க வலையும் வேண்டும். கைதிகள் மண் சுமந்த ஒரு நிலத்தில் இன்றைக்குப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள் என்றால், அதைவிட நல்ல முடிவு அந்த நிலத்துக்கு வேறென்ன? ஆனால் பலாலியில் என்றைக்காவது பெரிய முனையமும் தோட்டமும் வந்தால், உள்ளே போகிற வழியில் ஒரு பலகை வேண்டும். பெரிசாக ஒன்றும் வேண்டாம். இந்த ஓடுபாதைக்குக் கீழே எந்தெந்தக் குறிச்சி இருந்தது, எந்தக் கோயில், எந்தப் பள்ளிக்கூடம், எந்தக் கிணறு என்று மூன்று மொழியிலும் எழுதினால் போதும். எழுதுவதற்கு ஆளிருக்கும்போதே எழுத வேண்டும். ஊருக்குத் திரும்பின கையோடு நாங்கள் தொடங்கிய வேலை அதுதான்: அந்த அம்மம்மாவுக்குப் பக்கத்தில் ஒரு கொப்பியோடு இருக்கிறோம். இதுவரை 31 கிணறுகளுக்குப் பெயர் கிடைத்திருக்கு.