புதுவையில் வாக்குரிமை வந்த வழி

பிரிட்டிஷ் இந்தியாவில் சொத்தும் வரியும் உடைய சிலரே வாக்களிக்க முடிந்த காலத்தில், நம் புதுவையில் வயதுவந்த ஆடவர் அனைவர்க்கும் வாக்குரிமை இருந்தது. 1871இல் பிரெஞ்சிந்தியாவின் பிரதிநிதி பிரெஞ்சு நாடாளுமன்றத்தில் இடம்பெற்றார். 1879இல் பொதுச்சபையும், 1880இல் நகராட்சிகளும் அமைந்தன.

ஆயினும், சட்டம் அளித்த உரிமை சேரிக்கு வந்து சேர்ந்ததா? 1881ஆம் ஆண்டு ஆணையின்படி, சாதிவழிச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றோர் 'ரெனோன்சான்' எனப்பட்டனர். பொன்னுத்தம்பிப் பிள்ளை முன்னின்ற அவ்வியக்கத்தில் ஒடுக்கப்பட்டோரும் கிறித்தவரும் திரளாகச் சேர்ந்தனர். சண்முக வேலாயுத முதலியாரின் தலைமையில் சாதி இந்துக்கள் அதனை எதிர்த்தனர். ரெனோன்சான்களுக்கு 1884இல் தனி வாக்காளர் பட்டியல் கிடைத்தது. 1899இல் அது பறிபோயிற்று. தேர்தல்களோ வன்முறைக்கும் மோசடிக்கும் பெயர்பெற்றன. நிலமும் கூலியும் பிறர் கையில் இருந்தமையால், ஏழையின் வாக்கும் பிறர் கைக்குப் போயிற்று.

1954 அக்டோபர் 18இல் கீழூரில் 178 பிரதிநிதிகள் கூடினர். 170 பேர் இந்தியாவுடன் இணைய வாக்களித்தனர். நாட்டின் தலைவிதியையே பிரதிநிதிகள் தீர்மானித்த நாள் அது. பிரதிநிதியின் கையிலுள்ள ஆற்றல் எத்தகையது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இன்று நம் சட்டமன்றத்தில் மக்கள் தேர்ந்தெடுக்கும் இடங்கள் 30. அவற்றுள் ஐந்து பட்டியலினத்தார்க்கு உரியவை. சிறிய அவையாதலால் சிலர் விலகினாலே ஆட்சி கவிழும். 2021 பிப்ரவரி 22இல் அவ்வாறே கவிழ்ந்தது. பதவி விலகியோருள் சிலர் அடுத்த தேர்தலில் எதிரணி வேட்பாளராக நின்றனர். 1985ஆம் ஆண்டின் கட்சித்தாவல் தடைச் சட்டம், கட்சி மாறுவோரைப் பதவி நீக்கும். தாமே பதவி துறப்போரை அது தடுப்பதில்லை. பணத்தின் ஆட்சியோ எல்லை கடந்தது: 2019இல் வேலூர் மக்களவைத் தேர்தல், பணப் புழக்கம் காரணமாக இரத்துச் செய்யப்பட்டு, ஆகஸ்டு 5இல் நடத்தப்பட்டது.

அரசியல்வாதிகள் அனைவரும் பொய்யர் என்று சலித்துக்கொள்வது எளிது. அதே நாவால் சலித்துக்கொண்டு, அதே கையால் நோட்டை வாங்குவது எவ்வாறு பொருந்தும்? ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓர் ஓட்டுக்கு 500 ரூபாய் எனக் கொள்வோம். ஐந்தாண்டுக்கு 1,826 நாட்கள். நாளொன்றுக்கு 27 காசு! கொடுத்தவர் அதனை எங்கிருந்து மீட்பார்? நம் பிள்ளைகளின் உதவித்தொகையிலிருந்தும், நம் தெருவின் குடிநீர்க் குழாயிலிருந்தும், நமக்கு வரவேண்டிய மனைப்பட்டாவிலிருந்துமே மீட்பார்.

அரசியலில் ஒருவருக்கு ஒரு வாக்கு என்னும் சமத்துவம் பெற்று, சமுதாய வாழ்விலும் பொருளாதாரத்திலும் சமத்துவமின்றி இருப்போமாயின் மக்களாட்சியே ஆபத்துக்குள்ளாகும் என அண்ணல் அம்பேத்கர் 1949 நவம்பர் 25இல் அரசியல் நிர்ணய சபையில் எச்சரித்தார். கூலிக்குப் பிறரை அண்டி நின்ற நம் முன்னோர்க்கு மறுக்கும் வலிமை இல்லை. கல்வி பெற்ற உங்களுக்கு அது உண்டு. இளைஞர்களே, வாங்க மறுப்பதோடு நில்லாதீர்! தொகுதி நிதி எங்கே போயிற்று என்று ஆண்டுதோறும் கணக்குக் கேளுங்கள். கேட்கும் சமுதாயத்தை ஏய்ப்பது எவர்க்கும் எளிதன்று.