கதவின் உள்பக்கத்துக் குறி

பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சுப் புரட்சியை எங்களுக்குப் பிரெஞ்சிலேயே நடத்தினார்கள். பஸ்தீய் சிறை, 1789 ஜூலை 14, எல்லாம் மனப்பாடம். தாமஸ் பெயின் பெயரை மட்டும் அப்போது கேட்ட ஞாபகமில்லை.

இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்க விடுதலைக்காக எழுதியவர். 1792 ஆகஸ்டில் பிரான்ஸ் அவருக்குக் கௌரவக் குடியுரிமை கொடுத்தது. அடுத்த மாதமே பா-த-கலே மக்கள் அவரைத் தேசியப் பேரவைக்குத் தேர்ந்தெடுத்தார்கள். மனிதருக்குப் பிரெஞ்சு பேச வராது! அவர் உரையை வேறொருவர் மொழிபெயர்த்து வாசிக்க வேண்டும். மன்னராட்சி ஒழியட்டும், ஆனால் பதினாறாம் லூயியைக் கொல்லாமல் அமெரிக்காவுக்கு அனுப்புங்கள் என்றார். மாரா குறுக்கே எழுந்து கத்தினார்.

1793 டிசம்பரில் வெளிநாட்டவருக்குப் பேரவையில் இடமில்லை என்றாகிவிட்டது. 28ஆம் தேதி பெயின் கைதாகி லுக்ஸம்பூர் சிறைக்குப் போனார். அமெரிக்கத் தூதர் மோரிஸ் ஒப்புக்கு ஒரு கடிதம் எழுதினார். ‘அவர் பிரெஞ்சுக் குடிமகன்’ என்று பதில் வந்ததும் ஃபைலை மூடிவிட்டார். அந்த மாதிரிக் கடிதம் எப்படி எழுதுவது என்று குமாஸ்தாவாக இருந்த எனக்குத் தெரியும்.

சிறையில் கடுமையான காய்ச்சல். அறையில் நான்கு பேர். காற்றுக்காகக் கதவைத் திறந்து வெளிச்சுவரோடு சாய்த்திருந்தார்கள். கில்லட்டினுக்குப் போகிறவர்களுக்கான சுண்ணக்கட்டிக் குறியை அப்போது கதவின் உள்பக்கத்தில் போட்டுவிட்டார்கள். இரவு கதவைச் சாத்தியதும் குறி உள்ளே போய்விட்டது. பெயினே எழுதியிருப்பது இது.

பிறகு ரொபேஸ்பியர் விழுந்தார். புதிய தூதர் மன்றோ, பெயின் அமெரிக்கக் குடிமகன்தான் என்று வாதாடி 1794 நவம்பரில் மீட்டார். பெயின் வெகுநாள் மன்றோ வீட்டிலேயே தங்கி உடம்பைத் தேற்றிக்கொண்டார்.