2038 சிக்கலும் பழைய லினக்ஸ் கெர்னல்களும்

2038 சிக்கல் என்பது, நேரத்தை 32 பிட் எண்ணாகச் சேமிக்கும் கணினிகளில் அவ்வாண்டு ஜனவரி 19 அன்று ஏற்படக்கூடிய நேரப் பிழை ஆகும். யுனிக்ஸ் வழிவந்த இயங்குதளங்கள் 1970 ஜனவரி 1, கிரீன்விச் நள்ளிரவு முதல் கழிந்த நொடிகளை எண்ணியே தேதியையும் மணியையும் கணக்கிடுகின்றன. கூட்டல், கழித்தல் குறிகளை ஏற்கும் 32 பிட் எண்ணில் அடங்கும் மிகப்பெரிய மதிப்பு 214,74,83,647. அன்று இந்திய நேரம் காலை 8:44:07-க்கு இந்த எண் நிரம்பிவிடும். பழைய மின்மீட்டர் 99999-க்குப் பின் 00000 காட்டுவது போல, அடுத்த நொடியில் கணினி 1901-க்குத் திரும்பிவிடும்.

இந்திய நேரத்தில் இயங்கும் கணினி அப்போது காட்டக்கூடியது 1901 டிசம்பர் 14, பின்னிரவு 2:07:02. கிரீன்விச் நேரத்துடன் ஐந்தரை மணியைக் கூட்டிப் பார்த்தால் 2:15:52 என்றுதான் வரும். இந்த 8 நிமிடம் 50 நொடி வேறுபாட்டுக்குக் காரணம் சென்னை. கணினிகளில் உள்ள நேர வலயத் தரவுத்தளம், 1906-க்கு முந்தைய இந்திய நேரமாக மதராஸ் நேரத்தையே (கிரீன்விச்சுக்கு 5:21:10 முன்னால்) கொள்கிறது.

யுனிக்ஸ் இத்தகைய நெருக்கடியைத் தொடக்கத்திலேயே கண்டது. 1971-இல் வெளிவந்த முதல் பதிப்பு நொடியில் 60-இல் ஒரு பங்கை அலகாகக் கொண்டு எண்ணியது. அவ்வாறு எண்ணினால் 32 பிட் எண் இரண்டேகால் ஆண்டுகளில் தீர்ந்துவிடும். எனவே அலகு நொடியாக மாற்றப்பட்டது. அன்றைய நிலையில் அது போதுமானதாகவே இருந்தது.

நேரத்தை 64 பிட் எண்ணாக மாற்றினால் பல நூறு கோடி ஆண்டுகளுக்குக் கவலை இல்லை. 64 பிட் லினக்ஸ் கணினிகள் அப்படித்தான் இயங்குகின்றன. சிக்கல் 32 பிட் கருவிகளில்தான். அங்கே ஏற்கெனவே தொகுக்கப்பட்ட நிரல்கள் நேரத்துக்கு 4 பைட் இடமே ஒதுக்கியிருக்கும். அதில் 8 பைட் எழுதினால் பக்கத்திலுள்ள தரவு அழிந்துபோகும். ஓப்பன்பிஎஸ்டி 2014-இல் பழைய நிரல்களைக் கைவிட்டு ஒரேயடியாக மாறியது. ஓடிக்கொண்டிருக்கும் நிரலை உடைக்கக் கூடாது என்ற விதியில் லினஸ் டோர்வால்ட்ஸ் உறுதியாக இருந்ததால், லினக்ஸ் நீண்ட வழியில் செல்ல வேண்டியிருந்தது.

ஆர்ன்ட் பெர்க்மன், தீபா தினமணி முதலியோர் பல ஆண்டுகள் உழைத்தனர். நிரல்கள் கெர்னலிடம் (இயங்குதளத்தின் மையப் பகுதி) வேலை கேட்கும் வழி 'முறைமை அழைப்பு' எனப்படும். 2019-இல் வந்த கெர்னல் 5.1, பழைய அழைப்புகளை அப்படியே வைத்துக்கொண்டு, 64 பிட் நேரத்துக்கான புதிய அழைப்புகளை 403-இல் தொடங்கும் எண்களில் சேர்த்தது. எஞ்சிய பணிகள் 2020-இல் வந்த 5.6-இல் முடிந்தன.

ஆனால் நிரல்கள் பெரும்பாலும் கெர்னலிடம் நேரடியாகப் பேசுவதில்லை. இடையில் சி நிரலகம் இருக்கிறது. மசில் நிரலகம் 2020 பிப்ரவரியிலும், குனு சி நிரலகம் 2021 ஆகஸ்டில் வந்த 2.34 பதிப்பிலும் 32 பிட் கருவிகளுக்கு 64 பிட் நேரத்தைத் தந்தன. குனு நிரலகம் 3.2 போன்ற பழைய கெர்னல்களிலும் ஓட வேண்டும். அந்தக் கெர்னல்களுக்கோ 403 என்ற எண்ணே தெரியாது. இதற்கு நிரலகம் கண்ட வழி எளிமையானது. முதலில் புதிய அழைப்பை முயலும். "இப்படியோர் அழைப்பு இல்லை" என்று கெர்னல் விடை தந்தால், பழைய அழைப்பில் நேரத்தைப் பெற்று, 64 பிட்டாக விரித்து நிரலிடம் தரும். நிரல் கொடுக்கும் தேதி 32 பிட்டில் அடங்காவிட்டால், தவறான தேதியை வைக்காமல் பிழை என்று திருப்பிவிடும். இதனால் புதிய நிரல் பழைய கெர்னலிலும் ஓடும். ஆயினும் அங்கே 2038-ஐத் தாண்டாது.

இந்த ஏற்பாடு முழுவதும் அந்த ஒரு விடையைத்தான் நம்பியிருக்கிறது. 2021 ஜனவரியில் மசில் 1.2-உடன் ஆல்பைன் லினக்ஸ் 3.13 வெளியானபோது இது தெளிவாயிற்று. 32 பிட் ராஸ்பெர்ரி பை கணினிகளில், பழைய டாக்கர் பெட்டகங்களுக்குள் அது ஓடியபோது, புதிய அழைப்புகளை அறியாத பாதுகாப்பு வடிகட்டி "இல்லை" என்பதற்குப் பதில் "அனுமதி இல்லை" என்றது. நிரலகம் பழைய வழிக்குத் திரும்பவில்லை. தேதி தாறுமாறானது, தேதியைச் சார்ந்த இணையச் சான்றிதழ்ச் சோதனைகளும் தவறின. வடிகட்டியைப் புதுப்பித்த பிறகே சரியானது.

டெபியன் 2024-இல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிரலகப் பொதிகளை மறுபடி தொகுத்தது. பலவற்றின் பெயரில் 'டி64' என்ற ஒட்டு சேர்ந்தது. பழைய நிரல்களுக்காகவே நிலைத்திருக்கும் 32 பிட் இன்டெல் வகை மட்டும் மாற்றப்படாமல் விடப்பட்டது. சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கி, தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினிகள் வழியே மாணவர்களிடம் சென்ற பாஸ் லினக்ஸும் டெபியன் வழிவந்ததே. அதன் பழைய 32 பிட் பதிப்புகள் ஓடும் கணினிகளில் கெர்னலை மட்டும் மாற்றினால் பயனில்லை. நிரலகத்தையும், நேரத்தைக் கையாளும் ஒவ்வொரு நிரலையும் 64 பிட் நேரத்துக்கெனப் புதிதாகத் தொகுக்க வேண்டும்.