இலங்கைக்கு இன்டர்நெட் கொண்டு வந்தது யார்?



இந்தக் கேள்வியை வகுப்பில் கேட்டால், பிள்ளைகள் ஏதாவதொரு போன் கம்பனியின் பெயரைத்தான் சொல்வார்கள். உண்மையில் அந்த வேலையைத் தொடங்கியவர்கள் பல்கலைக்கழகத்தில் படிப்பித்தவர்கள்.

1990இல் மொரட்டுவ பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் அபய இந்துருவ முன்னின்று 'லேர்ன்மெயில்' என்ற மின்னஞ்சல் சேவையைத் தொடங்கினார். சாதாரண தொலைபேசி லைனில் மோடம் வழியாக டயல் செய்து, சேர்த்து வைத்த கடிதங்களை அனுப்பிப் பெறும் முறை அது. அதே ஆண்டில்தான் நமது நாட்டுக்குரிய '.எல்கே' முகவரியும் வந்தது. அதைக் கட்டியெழுப்பியவர் பேராசிரியர் கிஹான் டயஸ். பின்னர் 2013இல் டயஸும் 2014இல் இந்துருவவும் 'இன்டர்நெட் ஹோல் ஒஃப் ஃபேம்' என்ற உலக கௌரவத்தைப் பெற்றார்கள்.

அந்த மின்னஞ்சல் சேவை வளர்ந்து 'லேர்ன்' என்ற கல்வி, ஆராய்ச்சி வலையமைப்பாகியது. பணம் கட்டி இன்டர்நெட் எடுக்கும் வர்த்தகச் சேவை வந்தது 1995இல்தான். நமது தென்கிழக்குப் பல்கலைக்கழகம் கல்லூரியாக ஆரம்பமானதும் அதே ஆண்டு. இன்று ஒலுவிலும் லேர்னில் ஒரு அங்கம்.

தனி வலையமைப்பு எதற்கு? வெளிநாட்டு இணைப்புக்கு விலை அதிகம். ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனியே வாங்கினால் கட்டாது. எல்லோரும் சேர்ந்து ஒன்றை வாங்கிப் பகிர்ந்தால், சிறிய பல்கலைக்கழகத்துக்கும் வேகம் கிடைக்கும்.

நாடுகளும் இதையே செய்தன. 2000ஆம் ஆண்டு சியோலில் நடந்த ஆசிய-ஐரோப்பிய உச்சிமாநாட்டில் பிறந்தது 'டீன்' திட்டம். முதல் இணைப்பு கொரியாவுக்கும் பிரான்ஸுக்கும் இடையில். மூன்றாம் கட்டத்தில் இலங்கை, இந்தியா, நேபாளம், பூட்டான் போன்ற தெற்காசிய நாடுகளும் சேர்ந்தன. செலவில் பெரும்பங்கை ஐரோப்பிய ஒன்றியம் ஏற்றது.

இதன் பெறுமதி 2020 கொரோனா காலத்தில் தெரிந்தது. பல்கலைக்கழக மாணவர்கள் லேர்ன் வழியாக, டேட்டா கட்டணமின்றி ஸூமில் விரிவுரை கேட்டார்கள். ஆனால் நமது பாடசாலைப் பிள்ளைகள்? வாப்பாவின் ஒரே போனுக்கு ரீலோட் போட்டு வட்ஸ்அப்பில் பாடம் எடுத்தார்கள். மலையக, கிராமப் பக்கங்களில் சிக்னல் தேடி மரத்தில் ஏறிய பிள்ளைகளையும் செய்திகளில் பார்த்தோம். ஒரே நாடு, ஒரே நோய். ஒரு பக்கம் முப்பது வருட முன்னேற்பாடு இருந்தது, மறுபக்கம் ஒன்றும் இருக்கவில்லை.

பாடசாலை அபிவிருத்திச் சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும் கேட்டும் மதிலும் கட்டித் தருகின்றன. அல்ஹம்துலில்லாஹ், நல்ல விஷயம். அடுத்த கூட்டத்தில் இதையும் பேசுங்கள்: ஊரிலுள்ள நாலைந்து பாடசாலைகள் சேர்ந்து ஒரு நல்ல இணைப்பை எடுத்துப் பகிர முடியாதா? வலயக் கல்வி அலுவலகத்திடம் ஒரே குரலில் கேட்க முடியாதா?

அன்று ஒரு தொலைபேசி லைனை வைத்துக்கொண்டு ஆசிரியர்கள் தொடங்கியது இது. நம்மாலும் முடியும், இன்ஷா அல்லாஹ்.