வேகவதியைத் தடுத்தவர்கள்

பாலாறு கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் பிறந்து, ஆந்திரத்தைக் கடந்து, தமிழ்நாட்டில் 222 கிலோமீட்டர் ஓடி, கல்பாக்கத்துக்கு அருகே வாயலூரில் கடலில் கலக்கிறது. ஓடி என்பது மரியாதைக்குச் சொல்வது. மழை பெய்தால் ஆறு, மற்ற மாதங்களில் மணல். காஞ்சிபுரத்தை ஒட்டிவரும் வேகவதியும் அப்படித்தான். திருமுக்கூடலில் செய்யாறும் வேகவதியும் பாலாற்றோடு சேர்கின்றன.

மழையை நம்பிய ஆறு திடீரென்று வரும். காஞ்சியின் இரண்டு பெரிய தலபுராணக் கதைகளும் அந்த வெள்ளத்தைப் பற்றியவையே. பிரமனின் வேள்வியை அழிக்கச் சரஸ்வதி வேகவதியாகப் பாய்ந்தாள் என்றும், திருவெஃகாவில் திருமால் குறுக்கே படுத்துத் தடுத்தார் என்றும் வைணவர் சொல்வர். கம்பையாற்று வெள்ளத்திலிருந்து மணல் லிங்கத்தைக் காமாட்சி தழுவிக் காத்தாள் என்பது ஏகாம்பரநாதர் கோயில் கதை. இன்றும் சித்திரைப் பௌர்ணமியில் வரதராஜப் பெருமாள் ஐயங்கார்குளத்து நடவாவிக் கிணற்றில் இறங்கி, பாலாற்று மணலுக்கு வந்துதான் திரும்புகிறார்.

இந்தக் கதைகளைப் பொய் என்று தள்ளிவிட்டால் நமக்கு ஒன்றும் மிஞ்சாது. ஆற்றின் குறுக்கே படுத்த உடம்பு என்பது ஒரு கரையின் உருவம். நாம் கேட்பது, அந்தக் கரைக்கு மண் சுமந்தது யார் என்று. முதலாம் பரமேசுவரவர்மனின் கூரம் செப்பேடு, பாலாற்றிலிருந்து பெரும்பிடுகுக் கால் வெட்டப்பட்டதையும் பரமேசுவர தடாகத்தையும் சொல்கிறது. காலுக்கும் ஏரிக்கும் பெயர் அரசனுடையது. வெட்டியவர் பெயர் அதில் இல்லை.

பெயர் இல்லாவிட்டாலும் வேலை என்னவென்று நமக்குத் தெரியும். மணலாற்றில் நீர் அடியில் கிடக்கிறது. ஊற்றுக்கால் தோண்டி அதை வயலுக்குக் கொண்டுவர வேண்டும். ஒரு வெள்ளம் வந்தால் கால் தூர்ந்துபோகும், மறு ஆண்டு மறுபடி தோண்ட வேண்டும். ஏரி மடை திறப்பதும், இரவில் கரை காப்பதும், வயல் வயலாக முறை பார்த்து நீர் பாய்ச்சுவதும் பல ஊர்களில் சேரியிலிருந்து வந்த நீர்க்கட்டியின் பொறுப்பு. ஊர் நீரைப் பங்கிட்டுக் கொடுத்தவருக்கு ஊர்க் குளத்தில் இறங்க உரிமையில்லை.

இந்த உழைப்பை வெள்ளையர் அரசு எழுத்தில் வைத்தது. 1858ஆம் ஆண்டின் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம், ஏரியோ கரையோ உடையும் ஆபத்து வந்தால் அக்கம்பக்கத்து உழைக்கும் வகுப்பு ஆண்களைக் கட்டாயமாக வேலைக்கு அழைக்கலாம் என்றது. மிராசுதாரர் வீட்டு ஆணை யாரும் அழைக்கப்போவதில்லை. வேகவதியின் குறுக்கே படுத்தவர் யார் என்பதற்கு இதைவிடத் தெளிவான ஆவணம் வேண்டுமா?

1892ஐ நாம் கவனிக்க வேண்டும். அந்த ஆண்டு பிப்ரவரியில் சென்னை அரசும் மைசூர் அரசும் ஆற்றுநீர் ஒப்பந்தம் செய்தன. அதன் பட்டியலில் பாலாறும் இருந்தது. அதே ஆண்டு செப்டம்பர் 30 அன்று அரசாணை 1010 வந்தது. காஞ்சிபுரத்தை உள்ளடக்கிய செங்கல்பட்டு மாவட்டத்தின் ஆட்சியர் திரமென்ஹீர் 1891இல் பறையர் நிலைபற்றி எழுதிய அறிக்கையே அதன் பின்னணி. தரிசுக்கு விண்ணப்பித்த பறையரை மிராசு உரிமை எப்படி மறித்தது என்று அவர் விவரித்திருந்தார். பஞ்சமி நிலம் இப்படித்தான் பிறந்தது. கொடுத்தது தரிசு. நீரைப் பற்றி அரசுகள் தங்களுக்குள் பேசி முடித்தன, நிலத்தைப் பற்றி நம்மிடம் ஒரு காகிதம் நீட்டின. அந்த நிலத்தைக் கேட்டுத்தான் 1994இல் காரணையில் எழுந்த போராட்டத்தில் ஜான் தாமஸும் ஏழுமலையும் துப்பாக்கிச் சூட்டில் உயிர்விட்டார்கள்.

பாலாற்றுத் தண்ணீர்தான் காஞ்சிப் பட்டுக்கு மினுமினுப்புத் தருகிறது என்று நெசவாளர்கள் சொல்வதுண்டு. இன்று வேகவதியில் சாயக்கழிவும் சாக்கடையும் போகின்றன. 2015 வெள்ளத்துக்குப் பின் அதன் கரையில் குடியிருந்த ஏழைக் குடும்பங்கள் ஆக்கிரமிப்பாளர்கள் எனப் பட்டியலிடப்பட்டு, ஊருக்கு வெளியே கீழ்கதிர்ப்பூரில் கட்டிய அடுக்குமாடிகளுக்குக் காட்டப்பட்டன. கரையில் வாழ்ந்தவர் குற்றவாளி. கழிவை விட்டவர்மீது அந்த வேகம் இல்லை.

மாணவத் தோழர்கள் தங்கள் ஊர் 'அ' பதிவேட்டையும் பழைய செட்டில்மெண்ட் பதிவேட்டையும் பக்கத்தில் பக்கம் வைத்துப் பார்க்கட்டும். ஆற்றோரத்தில் எந்தச் சர்வே எண் பஞ்சமி என்று இருந்தது, இப்போது அது யார் பெயரில் இருக்கிறது, அதற்கு எந்தக் காலிலிருந்து நீர் வந்தது என்று குறித்துக்கொண்டு வரட்டும்.