சென்னைக் கரையில் கட்டுமரம் செதுக்கல்

சென்னைக் கரையின் கட்டுமரத்தை உருவாக்கிய கருவி வாய்ச்சி. மேலை நாட்டுப் பலகைப் படகுகளில் வளைந்து கொடுக்கும் நீளச் சட்டத்தை அடிப்பக்கத்தின் மேல் வைத்து மேடு பள்ளம் பார்ப்பார்கள். இழைப்புளியாலும் உப்புத்தாளாலும் தேய்த்துச் சீராக்குவார்கள். நொச்சிக்குப்பத்திலிருந்தும் பட்டினப்பாக்கத்திலிருந்தும் ஊரூர் குப்பத்திலிருந்தும் கடலுக்குப் போன மரங்களுக்கு அவ்வளவு மழமழப்பு தேவைப்படவில்லை. உருவம் சரியாக அமைவதுதான் முக்கியம். அதைக் கொடுத்தது வாய்ச்சி வெட்டும் செதுக்குபவரின் கண்ணும்.

இப்படிப்பட்ட கலம் இங்கே வேண்டியிருந்ததற்குக் காரணம் அலை. இயற்கைத் துறைமுகம் இல்லாத இந்தக் கரையில் அலைகள் கரைக்கு மிக அருகிலேயே மடிந்து உடைகின்றன. கரைக்கு வரும் கலம் ஒவ்வொரு முறையும் மணலில் மோத வேண்டும், பிறகு ஆட்கள் அதை மேட்டுக்கு இழுக்க வேண்டும். ஆழமான அடிக்கட்டை உள்ள படகு இதைத் தாங்காது. கட்டுமரத்தில் ஆணியே கிடையாது; தேங்காய் நார்க் கயிற்றால் வரிந்து கட்டிய மரங்கள் அலையின் அடியில் சற்று அசைந்து கொடுக்கும். ஏறிய தண்ணீர் இடுக்குகள் வழியே இறங்கிவிடுவதால் அது நீர் நிரம்பி மூழ்குவதில்லை.

கட்டுமரத்துக்கு லேசான மரமே வேண்டும். மலைவேம்பு போன்றவற்றோடு, 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கேரளத்திலிருந்து வந்த அல்பீசியாவும் பெருமளவில் பயன்பட்டது. நடுமரம் நீளமாகவும் தாழ்வாகவும் இருக்கும். பக்க மரங்கள் அதைவிடச் சற்று உயர்ந்து, மேலே ஆழமில்லாத குழிவை உண்டாக்கும். தனியே செதுக்கிய கட்டைகள் முன்னால் சேர்ந்து, அலையைக் கிழிக்கும்படி மேல்நோக்கி வளைந்த அணியமாகும். செதுக்குபவர் ஒரு முனையில் குந்தி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு நீளவாக்கில் பார்ப்பார். புடைத்து நிற்கும் இடத்தில் மெல்லிய சிலாம்பாக எடுத்துவிட்டு மறுபடியும் பார்ப்பார். வரைபடமே இல்லாமல் பல மரங்களை ஒரே வளைவுக்குள் கொண்டுவருவது சாதாரணத் தேர்ச்சி அல்ல. மீன்வளத் துறை இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் 1920இல் இந்தியப் படகு வடிவங்களைப் பற்றி எழுதிய ஆய்வில் கட்டுமரத்துக்கு முக்கிய இடம் தந்தார்.

தண்ணீரில் ஊறிய மரம் கனக்கும். அதனால் கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியாக மணலில் காயப் போடுவது வழக்கம். அடியில் தேய்மானமோ வெடிப்போ இருந்தால் அப்போதே கண்ணில் படும்.

இதே அலைகளைக் கடந்து கப்பலிலிருந்து ஆட்களையும் சரக்கையும் கரை சேர்த்தவை மசூலா படகுகள். பலகைகளைக் கயிற்றால் தைத்துச் செய்த தட்டையடிப் படகுகள் அவை. அவற்றிலும் ஆணி இல்லை. மோதலில் பலகை நெளியும், உடையாது. 1875இல் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 1881 புயல் கட்டுமானத்தைச் சிதைத்தாலும் துறைமுகம் மீண்டும் எழுந்தது; மசூலாவின் தேவை படிப்படியாகக் குறைந்தது. கட்டுமரத்துக்கு அந்த நிலை வரவில்லை.

அதற்கு மாற்று தேடும் முயற்சி நூறாண்டு கழித்து வந்தது. 1979இல் ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனத்தின் வங்காள விரிகுடாத் திட்டம் சென்னையில் தொடங்கியது; அபிராமபுரம் செயின்ட் மேரிஸ் சாலையில் அதன் அலுவலகம் இருந்தது. மணலில் நேரடியாக ஏறக்கூடிய இயந்திரப் படகுகளை அது வடிவமைத்துச் சோதித்தது. குமரி மாவட்டத்து முட்டத்தில் கடல் ஒட்டுப்பலகைப் படகுகள் உருவாயின. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் நிவாரணமாகக் கண்ணாடியிழைப் படகுகள் பெருமளவில் வந்தன. சென்னைக் குப்பங்களிலும் கட்டுமரங்கள் அருகின.

தேய்த்து வழவழப்பாக்கும் வேலை இந்தக் கரைக்கு முக்கியமானது இந்தக் கண்ணாடியிழைப் படகுகளால்தான். ‘ஃபைபர்’ படகு அச்சில் வார்க்கப்படுவது. அச்சில் உள்ள ஒவ்வொரு கீறலும் படகின் மேல் பதியும். ஆகவே அச்சைத்தான் பட்டி வைத்து, தேய்த்து, மெழுகு பூசி மின்னச் செய்கிறார்கள். மீனவர் கண் முன்னே மணலில் நடந்த வேலை இப்படிப் பட்டறைக்குள் போயிற்று. குப்பத்துக்கு மிஞ்சியது பழுதுபார்ப்பு. மணலில் உராய்ந்து அடிப்பக்கத்தின் மேற்பூச்சு தேய்ந்ததும் உள்ளிருக்கும் இழையில் தண்ணீர் ஏறும். அந்த இடத்தைக் கிரைண்டரால் சுரண்டி, உலர்த்தி, பிசினில் நனைத்த கண்ணாடியிழைத் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, இறுகியபின் பட்டி பார்த்து, உப்புத்தாளால் தேய்த்து வண்ணம் அடிக்கிறார்கள்.